உதிரும் கூந்தலும் உழைக்கும் உடலும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்னிறுத்தி ஒரு விளக்கம்

தமிழிலக்கிய மாணவர்க்குக் கூந்தல் புதிய பொருளன்று. ஐவகையாக முடிக்கப்படுவது என்ற கருத்தில் 'ஐம்பால்' என்று அதற்குப் பெயரிட்டது நமது பழைய செய்யுள் வழக்கு. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றி எழுந்த திருவிளையாடற் கதையிலே, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ இல்லையோ என்னும் வினா இறைவனையும் நக்கீரரையுமே எதிரெதிராக நிறுத்திற்று. திருக்குறளின் மானம் என்னும் அதிகாரம், தந்நிலையினின்று தாழ்ந்தவர்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறுகின்றது. கூந்தலின் அழகும் அதன் இழிவும் இவ்வாறு நெடுங்காலம் பேசப்பட்டு வந்துள்ளன. எனினும் கூந்தல் ஏன் உதிர்கின்றது, எவருக்கு உதிர்கின்றது என்ற வினாக்களை நாம் அதிகம் கேட்டதில்லை.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பது பயனுடையது. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எஹலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் லயங்களிலே தலைமயிர் கொட்டுதல் பெண்கள் தமக்குள்ளே பேசிக் கவலைப்படும் ஒரு விடயமாகும். அக்கவலை வைத்தியரிடம் செல்வது அரிது. கடைக்காரரிடமே பெரும்பாலும் செல்கின்றது. நகரத்துப் பேருந்து நிலையத்தருகே விற்கப்படும் ஒரு புட்டித் தைலம், ஒரு நாள் முழுவதும் மலையில் நின்று பெற்ற பேரின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மூன்று மாதத்தில் மயிர் மீண்டும் முளைக்குமாயின் தைலத்துக்குப் புகழ். முளைக்காவிடின் பெண்ணின் 'சூட்டு உடம்பு' மீது பழி. இவ்விரு முடிவுகளுமே பெரும்பாலும் தவறானவை என்பதையும், தோட்டப் பெண்ணின் தலைமயிர் பற்றிய வினாவுக்குரிய விடை பல வேளைகளில் தலைக்கு வெளியிலேயே உள்ளது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிரின் வாழ்க்கை வட்டம்

காரணங்களை ஆராயுமுன் மயிரின் இயல்பை அறிதல் வேண்டும். மனிதத் தலையிலே ஏறக்குறைய ஒரு இலட்சம் மயிர்ப்பைகள் உள்ளன. அவை யாவும் தாய் வயிற்றிலிருக்கும்போதே தோன்றிவிடுகின்றன. பிறந்தபின் புதிய மயிர்ப்பை உண்டாவதில்லை. எனவே, மொட்டையடித்தால் மயிர் அடர்த்தியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. மழித்த மயிரின் நுனி மழுங்கியிருப்பதால் தடித்ததுபோல் தோன்றுகின்றது, அவ்வளவே.

ஒவ்வொரு மயிரும் மூன்று பருவங்களைக் கடக்கின்றது. முதலாவது வளர்ச்சிப் பருவம். இது இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். இக்காலத்தில் மயிர் மாதமொன்றுக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வளரும். அடுத்து, இரண்டு மூன்று வாரங்கள் கொண்ட மாறுநிலை. இறுதியாக, ஏறக்குறைய மூன்று மாதங்கள் நீளும் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்த மயிர் உதிர, அதே பையிலிருந்து புதிய மயிர் முளைக்கின்றது. நலமுள்ள தலையில் பத்தில் ஒன்பது பங்கு மயிர் வளர்ச்சியிலும் எஞ்சியது ஓய்விலும் இருக்கும். ஆதலால் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் வரை உதிர்தல் இயல்பேயாகும்.

இவ்விடத்து ஒரு பொதுவான அச்சத்தை நீக்குதல் தகும். சீப்பில் வந்த மயிரின் அடியில் வெண்ணிறமான சிறு குமிழொன்றைக் கண்டு, 'வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது' என்று பலர் கலங்குவர். அக்குமிழ் வேரன்று; ஓய்வுப் பருவம் முடிந்த மயிரின் அடிமுனையே அது. மயிர்ப்பை தோலினுள்ளே இருக்கின்றது, மீண்டும் முளைக்கும் ஆற்றலோடு. குமிழின்றி நடுவிலே முறிந்து வருமாயின், அது உதிர்வன்று, முறிவு; அதன் காரணம் மயிரைக் கையாளும் முறையிலேயே தேடப்படல் வேண்டும். மயிர் எங்கே விட்டது, முழுமையாகவா முறிந்தா விட்டது, எப்போது தொடங்கிற்று என்னும் மூன்று வினாக்களும் நோயறிதலின் வாயிலாகும்.

காய்ச்சலும் பிள்ளைப்பேறும்

உடலுக்கு ஒரு பேரதிர்ச்சி நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்களுட் பெருந்தொகையானவை ஒருங்கே ஓய்வுப் பருவத்துள் தள்ளப்படுகின்றன. உயிர் காக்கும் உறுப்புகளுக்கே வளங்களைத் திருப்பும் உடலுக்கு மயிர் வளர்ப்பது அவசரமான பணியன்று. ஓய்வுப் பருவம் மூன்று மாதம் கொண்டதாகையால், உதிர்வு உடனடியாகத் தென்படாது. இரண்டு மூன்று மாதங்களின் பின்பே கைநிறைய மயிர் வரும். இந்த இடைவெளியே மக்களைத் திசைமாற்றுகின்றது. நோய் மறந்துபோய்விட்டது, ஆகவே சென்ற வாரம் பூசிய எண்ணெய்மீதோ, மாற்றிய சவர்க்காரத்தின்மீதோ, குளித்த தண்ணீரின்மீதோ ஐயம் விழுகின்றது.

சப்பிரகமுவ காய்ச்சலுக்குப் பெயர் பெற்ற ஈரநிலம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் நிலைகொண்டுள்ளது. வயலிலும் மாணிக்கக் குழியிலும் சேற்றுநீரில் நிற்போர் அதற்கு எளிதில் ஆளாகின்றனர். இறப்பர்ப் பால் ஏந்தும் சிரட்டைகளில் மழைநீர் தேங்குமிடத்து, டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிசு நுளம்புகள் பெருகுகின்றன. 2006ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இலங்கையிற் பரவிய சிக்குன்குனியாவின் பின்னும், 2017ஆம் ஆண்டின் பெரும் டெங்குப் பரவலின் பின்னும், 2020ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கொவிட் நோயின் பின்னும் கூந்தல் கொட்டுவதற்குரிய அடிப்படை ஒன்றே. கடுங்காய்ச்சலுக்குப் பிற்பட்ட இவ்வுதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துள் தானாகவே அடங்கிவிடும். அந்த ஆறு மாதமும் எதைப் பூசினோமோ அதற்கே வெற்றி உரியதாகின்றது. தைலப் புட்டிகளின் புகழில் ஒரு பெரும்பகுதி இவ்வாறு இயற்கையிடமிருந்து கடன் பெற்றதாகும்.

பிள்ளைப்பேற்றின் பின் நிகழ்வதும் இதையொத்ததே. கருவுற்ற காலத்திலே ஓமோன்களின் மிகுதியால் மயிர் வழமையிலும் நீண்டகாலம் வளர்ச்சிப் பருவத்தில் நிற்கின்றது. கூந்தல் அடர்ந்து தோன்றுகின்றது. பிள்ளை பிறந்ததும் ஓமோன்கள் வீழ, காத்திருந்த மயிரெல்லாம் ஒன்றாக ஓய்வெய்திச் சில மாதங்களில் உதிர்கின்றது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு மயிர் கொட்டும் என்று நம் மூதாட்டியர் கூறுவர். இதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் குழந்தை முகம் நோக்கிச் சிரிப்பது இரண்டாம் மூன்றாம் மாதமளவில். தாயின் மயிர் உதிரத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்பொழுதே. காரணத்தில் தவறிய அக்கூற்று, காலத்தில் தவறவில்லை. மக்களின் அவதானிப்பையும் அதன்மேல் ஏற்றப்பட்ட விளக்கத்தையும் பிரித்தறிதலே அறிவியல் நோக்கு.

தோட்டத்துத் தாய்க்கு இதனோடு இன்னொன்றும் சேருகின்றது. சட்டப்படியான ஏறக்குறைய 12 வார மகப்பேற்று விடுமுறை முடிந்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு அவள் மலைக்குத் திரும்பும் காலமும் இதுவே. பேற்றில் இழந்த குருதி, பத்தியம் என்ற பெயரில் குறைக்கப்பட்ட உணவு, இரவுறக்கமின்மை, பாலூட்டல், மீண்டும் தொடங்கிய வேலை ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் அவளது உடலிடம் வந்து கணக்குக் கேட்கின்றன. பேற்றின் பின்னான உதிர்வு இயல்பானது என்று ஆறுதல் கூறுவது சரியே. ஓராண்டு கழிந்தும் கூந்தல் மீளாவிடின் அவ்வாறுதல் போதாது. அடுத்த காரணத்தை நோக்குதல் அவசியம்.

குருதியின் வறுமை

அந்த அடுத்த காரணம் குருதிச்சோகையும் அதற்கு முற்பட்ட இரும்புச்சத்துக் குறைவுமாகும். மயிர்ப்பையின் கலங்கள் உடலில் மிக விரைவாகப் பிரியும் கலங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இரும்பு வேண்டும். மயிருதிர்வுக்கு இரும்புக்குறைவு தனிக்காரணமா, துணைக்காரணமா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்தினரல்லர். எனினும் நீடித்த உதிர்வுடன் வரும் பெண்ணின் குருதியையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அளவையும் சோதித்தல் நல்ல வைத்தியத்தின் பகுதி. மயிர் மீளினும் மீளாவிடினும், சோகைக்குச் சிகிச்சை பெறுதல் அப்பெண்ணின் உயிருக்கு நலமாகும்.

தோட்டத்தில் இரும்பு எவ்வழியே இழக்கப்படுகின்றது? மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு ஆகிய இரண்டும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானவை. மூன்றாவது வழி பெருந்தோட்ட வரலாற்றோடு பிணைந்தது, அது கொழுக்கிப்புழு. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒரு துளிக்கும் குறைந்த குருதியே. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடலில் வாழும்போது அத்துளிகள் ஒரு மனித உடலின் வலுவையே வடித்துவிடுகின்றன. மலகூடமில்லாத லயங்களும், செருப்பின்றி ஈரமண்ணில் நடக்கும் கால்களும் அப்புழுவுக்கு வழியமைத்தன. றொக்பெல்லர் மன்றம் 1916 முதல் இலங்கையில் நடத்திய கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தோட்டங்களை முக்கிய களமாகக் கொண்டதற்கு இதுவே காரணம். மருந்து கொடுத்தும் புழு திரும்பியது. மருந்தோடு மலகூடமும் வேண்டும் என்பது அன்றே உணரப்பட்ட பாடம்.

முக்கால் நூற்றாண்டின் பின்பும் அப்பாடம் முற்றுப்பெறவில்லை. 1992ஆம் ஆண்டு பெருந்தோட்டத் துறையிலே சிறுவரிடையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடையும் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் காணப்பட்டன. 1994 முதல் 2005 வரை சிறுவர்க்கு ஆண்டுக்கு இருமுறை புழு மருந்து வழங்கப்பட்டது. அது நின்று நான்காண்டுகளின் பின் ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளிற் செய்த ஆய்வில் அத்தொகை 29 சதவீதமாகக் குறைந்திருந்தது. முன்னேற்றம் பெரிது, எனினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளையின் குடலில் ஏதோவொரு புழு இருந்தது என்பதும் உண்மையே. இப்புழுக்கள் எல்லாம் கொழுக்கிப்புழுக்கள் அல்ல. ஆயின் யாவும் வளரும் உடலின் உணவைப் பங்கிடுவன.

இழப்பு ஒருபுறமிருக்க, வரவும் சுருங்கியதே. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீருமாகக் காலையுணவு முடிகின்றது. தேயிலையிலுள்ள தனின் முதலிய பொருள்கள், தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சாதவாறு தடுக்கின்றன. 1975ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிலேயே இது தெளிவாகக் காட்டப்பட்டது. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் கை, அத்தேயிலையின் சாயத்தையே உணவோடு அருந்தித் தன் குருதிக்குரிய இரும்பை இழக்கின்றது. இந்த முரண்பாட்டுக்கு ஓரளவு பரிகாரம் எளிது. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல். கீரை, பயறு, கௌபி, நெத்தலி ஆகியவற்றோடு தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ சேர்த்தல். புளிப்பிலுள்ள வைற்றமின் சீ இரும்பை உறிஞ்ச உதவும். எனினும் புரதம் நிறைந்த உணவை விதந்துரைக்கும்போது, அதனை வாங்கச் சம்பளம் போதுமா என்ற வினாவையும் உடன் கேட்பதே நேர்மை.

கூடைக்கயிறு

இதுகாறும் கூறியவை தலை முழுவதும் மெலியும் உதிர்வு. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மயிர் விடுமாயின் காரணம் வேறு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையோ சாக்கோ முதுகிலே தொங்குகின்றது. அதன் கயிறு உச்சந்தலையின் குறுக்கே செல்கின்றது. நிறுவைக்குச் செல்லும்வரை கொழுந்தின் பாரம் கிலோக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். மழைநாளில் இலையின் ஈரமும் பாரமாகும். அப்பாரம் அனைத்தும் இரு விரல் அகலமான ஒரு கோட்டின்மீது, நாளெல்லாம், ஆண்டெல்லாம் அழுந்துகின்றது. ஒவ்வோர் அடிக்கும் சிறிது உராய்கின்றது.

மயிர்ப்பைகள் தொடர்ந்த இழுவையையும் அழுத்தத்தையும் பொறுக்கமாட்டா. கூந்தலை இறுக்கிக் கட்டும் வழக்கமுடைய கிறீன்லாந்துப் பெண்களின் நெற்றியோரம் மயிரிழந்ததை 1907ஆம் ஆண்டிலேயே மருத்துவர் பதிவு செய்தனர். தலைப்பாகையினுள் இறுக முடிந்த சீக்கிய ஆடவரிடத்தும், இறுகப் பின்னிய ஆபிரிக்க வம்சாவழிப் பெண்களிடத்தும் இது நன்கறியப்பட்டது. கூடைக்கயிற்றின் கீழ் நிகழக்கூடியதும் இதன் இனமே. தொடக்கத்தில் கயிறு படும் கோட்டிலே நோவும் சிறு பருக்களும் முறிந்த குறுமயிரும் தோன்றும். இந்நிலையில் அழுத்தத்தை நீக்கினால் மயிர் மீளும். பல்லாண்டு தொடர்ந்தால் மயிர்ப்பை வடுவாகி அழியும். பின் எத்தைலமும் பயன்தராது.

கயிற்றின் கீழ் மென்மையான துணிச் சும்மாடு வைத்தல், கயிறு படும் இடத்தை அடிக்கடி மாற்றுதல், உச்சியில் கொண்டை போடாது பிடரியில் தளரப் பின்னுதல், நிறுவையின்போது கயிற்றைக் கழற்றித் தலைக்கு ஓய்வு கொடுத்தல் ஆகியவை பெண் தானே செய்யக்கூடியவை. பாரத்தைத் தோளிலும் இடுப்பிலும் பகிரும் பட்டியுடைய கூடையும், அடிக்கடி நிறுக்கும் ஒழுங்கும் அவள் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல. அவை நிருவாகமும் தொழிற்சங்கமும் பேசித் தீர்க்கவேண்டியவை. சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேசையில் கழுத்தெலும்பையும் உச்சந்தலையையும் பற்றிப் பேசுதல் சிறுமையன்று.

வேறு காரணங்கள்

எல்லா உதிர்வையும் வறுமையின்மீதே சாற்றுவதும் பிழையாகும். பரம்பரை வழுக்கை செல்வரையும் ஏழையையும் வேறுபடுத்துவதில்லை. ஆண் ஓமோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பை 1942இல் அமெரிக்கரான ஹமில்ரன் நிறுவினார். ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் விலகும். பெண்களுக்கு நெற்றிக்கோடு நிலைத்திருக்க வகிடு அகலும். இதற்கு 1988இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மினொக்சிடில் பூச்சுமருந்து ஓரளவு பயன்தரும். நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதனைத் தாமாகப் பயன்படுத்தலாகாது. ஆண்களுக்குரிய பினஸ்ரெரைட்டு மாத்திரை கருவிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கக்கூடியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் அதனை உட்கொள்ளலாகாது.

நாணயம்போல வட்டமாக, தோல் வழுவழுப்பாக மயிர் விடுவது புழுவெட்டு எனப்படுகின்றது. பெயரில் புழு இருப்பினும் நோயில் புழு இல்லை. உடலின் காப்புத்தொகுதி தன் மயிர்ப்பையையே தாக்குவதால் வருவது அது. தொற்றாது. ஆதலால் அப்பிள்ளையைத் தனியே அமர்த்துதல் அநீதி. மாறாக, செதிலும் முறிந்த மயிரும் சிலவேளை சீழும் கொண்ட வட்டம் பங்கசினால் வரும் தலைப்படை. சிறுவரிடையே சீப்பும் துவாயும் வழியாகத் தொற்றும். களிம்பு மட்டும் பூசி அதனைக் குணப்படுத்த இயலாது. வைத்தியர் தரும் உள்மருந்து வாரக்கணக்கில் வேண்டும். தாமதித்தால் நிலையான வடு எஞ்சலாம். தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும், சில மருந்துகளும், கூந்தலை மெலிவிக்கும் ஏனைய காரணங்களுட் சில.

தண்ணீர் மாறியதால் மயிர் கொட்டுகின்றது என்ற முறைப்பாட்டையும் நோக்குவோம். கொழும்புக்கு வீட்டு வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ செல்லும் இளம்பெண்கள் இதனை அடிக்கடி கூறுவர். கடின நீர் மயிரைச் சொரசொரப்பாக்கலாம், வேரிலிருந்து உதிர்ப்பதில்லை. ஊரைவிட்டுப் பிரிந்த மனத்துயர், நேரந்தவறிய உணவு, உறக்கமின்மை, இடையில் வந்த காய்ச்சல் என மாறியது தண்ணீர் மட்டுமன்று. வாழ்க்கை முழுவதுமே மாறியுள்ளது.

பாதுகாப்பான பராமரிப்பு

தேங்காயெண்ணெய் பற்றிய பழைய மதிப்பு ஆதாரமற்றதன்று. அதிலுள்ள லோரிக் அமிலம் மயிரிழையினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கின்றது என 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டிற்று. ஆயின் எண்ணெய் இருக்கும் மயிரைக் காப்பது. இல்லாத மயிரை முளைப்பிப்பது அன்று. கையாந்தகரை, செவ்வரத்தை, கற்றாழை, வெந்தயம் ஆகியவற்றுக்கும் இவ்வளவே கூறலாம். அவை தலையை மென்மையாகக் கழுவவும் குளிர்விக்கவும் உதவுமாயின் பயன்படுத்துவதில் தீங்கில்லை. எரிச்சல் தோன்றின் நிறுத்துக.

மழைமிகுந்த இம்மாகாணத்தில் ஈரத்தலையை அப்படியே முடிந்து துணியால் மூடுதல் பொடுகையும் பங்கசையும் வளர்க்கும். வேலை முடிந்ததும் அவிழ்த்துத் துவட்டி உலரவிடல் வேண்டும். நனைந்த மயிர் எளிதில் முறியுமாதலால் அகன்ற பற்சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் நன்று. பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயைத் தேக்கிவைத்தலாகாது. கீற்றோகொனசோல் அல்லது சிங்க் பிரித்தியோன் கலந்த ஷம்போ பயன்தரும். கறுப்புச் சாயங்களிலுள்ள பிபிடி என்னும் இரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரு நாள் பார்த்த பின்பே தலைக்கு இடுதல் வேண்டும்.

பேனுக்கு மண்ணெண்ணெய் பூசும் வழக்கத்தைப்பற்றி உறுதியாகக் கூறவேண்டியுள்ளது. விறகடுப்பு எரியும் சிறு காம்பிராவில் மண்ணெண்ணெய் பூசிய தலையோடு ஒரு சிறுமி அமர்ந்திருப்பது உயிராபத்தாகும். தோட்டத்துக் களைகொல்லியையும் பூச்சிமருந்தையும் தலையில் தொடவே கூடாது. அவை தோலூடாக உடலுட் புகும் நஞ்சுகள். ஒரு சதவீதப் பேமெத்திரின் திரவமோ, எண்ணெயிட்டுப் பேன்சீப்பினால் சில நாட்களுக்கொருமுறை இருவாரம் வரை முறையாக வாருவதோ போதும். வீட்டிலுள்ள யாவருக்கும் ஒரே வேளையிற் செய்தல் வேண்டும். பேன் நெருக்கமாக வாழ்வதால் வருவது, இழிவினால் வருவதன்று. பத்தடி அறையில் பலர் உறங்கும் லயத்தின் குற்றத்தைப் பிள்ளையின் தலையிற் சுமத்தலாகாது.

இரும்பு மாத்திரை வைத்தியர் கூறிய அளவிலேயே, தேநீரோடு சேர்க்காது, மாதக்கணக்கில் உட்கொள்ளப்படல் வேண்டும். அதனைப் பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்தல் கட்டாயம். சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே உயிர் பறிக்கப் போதும். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றரே வளரும் மயிரிடம் ஆறு மாதப் பொறுமையும் வேண்டும்.

வைத்தியரிடம் செல்லும் வழி

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோல்நோய்ப் பிரிவுகள் உள்ளன. எனினும் அங்கு செல்ல ஒரு நாட் பேர் இழக்கப்படும். பேருந்துக் கட்டணம் வேண்டும். அனைத்திலும் பெரிய தடை மொழியாகும். சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் இம்மாகாணத்தில் தமிழ்ப் பெண்ணொருத்தி வைத்தியர்முன் நின்று, கற்றறிந்த நாலு சொல்லில் 'கொண்டய யனவா' என்று கூறலாம். ஆயின் நோயறிவதற்கு வேண்டியவை மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலும், மாதவிடாயின் மிகுதியும், கடைசிப் பேற்றின் காலமும், உண்ணும் உணவும் அல்லவா? இவை தாய்மொழியில், அதுவும் நாணமின்றிப் பேசக்கூடிய ஒருவரிடம் சொல்லப்படவேண்டியவை. தமிழும் அறிந்த மருத்துவமாதரும் தாதியரும் போதிய அளவில் நியமிக்கப்படுவது சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகும். அதனைச் சலுகையாகக் கருதுதல் தகாது.

அதுவரை, வைத்தியரிடம் செல்லும் பெண் ஒரு சிறு துண்டில் மேற்சொன்ன நான்கு விடயங்களையும் எழுதிக்கொண்டு செல்லலாம். பாடசாலை செல்லும் மகனோ மகளோ அதனைச் சிங்களத்தில் எழுதிக்கொடுத்தால் இன்னும் நன்று. வட்டவட்டமாக மயிர் விடுதல், தலையில் சீழ், திடீரென்று பெருமளவு கொட்டுதல், களைப்பு, மூச்சுவாங்கல், உடல் மெலிதல் ஆகியவற்றுள் எதுவும் உடனிருப்பின் தாமதம் கூடாது.

திருக்குறள் உதிர்ந்த மயிரை இழிவுக்கு உவமையாக்கிற்று. மருத்துவ நோக்கிலோ உதிர்ந்த மயிர் ஒரு சாட்சி. காய்ச்சலையும் பேற்றையும், குடலிலுள்ள புழுவையும், தட்டிலுள்ள ரொட்டியையும், தலையிலுள்ள கயிற்றையும் பற்றி அது சாட்சி கூறுகின்றது. அச்சாட்சியைத் தைலத்தால் மூடிவிடாது கேட்கும் வைத்தியமும், கேட்டபின் கூடையையும் கூலியையும் மலகூடத்தையும் திருத்தும் சமூகமும் நமக்கு வேண்டும். சீப்பில் வந்த மயிரைச் சுருட்டி எறியுமுன், சென்ற மூன்று மாதங்களில் தன் உடலுக்கு என்ன நேர்ந்தது என்று ஒவ்வொரு பெண்ணும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாளாயின், அதுவே தொடக்கமாகும்.